புதுப்பிப்பு: பேஸ் கிட்டாரின் இரைச்சல் அடங்கிய விதம்

நான் சொந்தமாகச் செய்த நான்கு தந்தி பேஸ் கிட்டார், ஆம்ப்ளிஃபயரில் இணைத்தவுடன் விடாமல் ரீங்கரிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணங்கள் இரண்டு.

முதலாவது என் கவனக்குறைவு. தந்திகளைத் தொட்டாலும் இரைச்சல் குறையாததால் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜைக் கழற்றினேன். அடியிலிருந்த எர்த் கம்பியின் முனை வார்னிஷில் மூழ்கி, உலோகத்தைத் தொடாமலே கிடந்தது. சுரண்டியதும் பாதி இரைச்சல் போயிற்று.

மீதிதான் சுவையானது. ஃபெண்டர் நிறுவனம் 1960இல் வெளியிட்ட ஜாஸ் பேஸைப் பின்பற்றி, தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டைப் பொருத்தியிருந்தேன். ஒன்றின் சுருள் மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாறியிருந்தால், இரண்டின் ஒலியளவையும் சமமாக வைக்கும்போது, வெளியிலிருந்து கவரப்படும் மின் இரைச்சல் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடி வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய இரண்டும் ஒரே மாதிரிச் சுற்றியவை. ஒன்றின் இணைப்புக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பார்த்தேன். இரைச்சல் அடங்கியது, ஆனால் காந்த முனை மாறாததால் தந்தியின் ஒலியும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, அடித்தொனி கரைந்து ஒலி மெலிந்துவிட்டது. பேஸுக்கு அதைவிடக் கேடு என்ன? பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குப் பதிலாக, எதிர்ச்சுற்றும் எதிர்முனையும் கொண்ட ஒன்றை வைத்த பிறகே சரியானது.

தேக்கில் உடலைக் கடைந்ததுதான் தவறோ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதன் எடை தோள் வலிக்குக் காரணம், இரைச்சலுக்கு அல்ல. ஒரே பிக்கப்பில் வாசித்தால் இலேசான ரீங்காரம் இன்னும் உண்டு.