இலவசச் சட்டத்தரணி என்றால் பஸ் காசு யார் தருவது?

மல்லாவி மைந்தன்:
"சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணி தருகிறது, வன்னிச் சனம்தான் போய்க் கேட்பதில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நான் போய்க் கேட்டவன். ஐயாவின் காணி வழக்கு. விடியவே மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி முல்லைத்தீவுக்கு இன்னொன்று. போனால் வருமானக் கடிதத்தில் ஒரு கையொப்பம் குறைகிறதாம், திரும்பிப் போகட்டாம். அடுத்த கிழமையும் அதே இரண்டு பஸ். இரண்டு நாள் கூலி போய்விட்டது. இதுவா இலவசம்?

ஒட்டுசுட்டான் தங்கச்சி:
அண்ணை, எழுதியது நான்தான். அந்த ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வருமானம் குறைந்தவரிடம் சட்டத்தரணிக்குக் காசு வாங்குவதில்லை, அதைத்தான் இலவசம் என்றேன். என் அக்காவின் தாபரிப்பு வழக்கை அவர்கள்தான் பேசினார்கள். இன்றைக்கும் பிள்ளைக்கு மாதக்காசு வருகிறது.

மல்லாவி மைந்தன்:
அக்காவுக்கு நல்லது நடந்தது சந்தோசம். ஆனால் ஒட்டுசுட்டான் முல்லைத்தீவு வீதியிலேயே இருக்கிறது, உங்களுக்கு ஒரே பஸ். நான் கேட்டது பஸ் காசு.

குளக்கரை:
இரண்டு பேரும் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வுப் பத்திரம், அதாவது குற்றச்சாட்டுகள் எழுதிய பத்திரம், கொடுக்கும்போது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சட்டத்தரணி இல்லாவிட்டால் நீதிமன்றமே அரச செலவில் ஒரு சட்டத்தரணியை நியமிக்கும். அது வேறு, ஆணைக்குழு வேறு. அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை சட்டத்தரணி மூலம் பேசும் உரிமையைத் தருகிறது. காசை யார் கொடுப்பது என்று அதில் இல்லை.

மல்லாவி மைந்தன்:
பஸ் காசைப் பற்றியும் இல்லை. அதைத்தானே நானும் கத்துகிறேன்.

வவுனியாப் பெடியன்:
அரசாங்கம் போட்டுத் தருபவர் வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கத்தான் எழும்புவார். என் மச்சானுக்கு வந்தவர் கோப்பை நீதிமன்ற வாசலில்தான் முதல்முதலாக விரித்தார். மச்சானின் பெயரையும் பிழையாகச் சொன்னார்.

குளக்கரை:
ஒருவரை வைத்து எல்லாரையும் சொல்லாதீர்கள். காசு வாங்கிவிட்டுத் தவணைக்கு வராதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வவுனியாப் பெடியன்:
நீங்கள் யாரைத்தான் விட்டுக்கொடுத்தீர்கள்? போன மாதம் யானைவேலிக் கதையிலும் எனக்குப் பாடம் எடுத்தவர்தானே.

குளக்கரை:
அன்றைக்கு நீங்கள் சொன்னது பிழை. இன்றைக்கும் பிழைதான்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி:
யானைவேலியை விடுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில், உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் ஒரு தாய் அதற்குள் யாரைத் தேடுவாள்? சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒரு இடம் இருக்கிறது என்று சனத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

மல்லாவி மைந்தன்:
கொழும்புக்கு எத்தனை பஸ், தங்கச்சி? சரி, ஒன்று சொல்கிறேன். ஐயா காணிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர். வியர்வையும் உப்புத்தண்ணியும் பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, ஒரு மூலையில் இலக்கம் மட்டும் தெரிகிறது. அதை ஒரு சட்டத்தரணி கையில் வாங்கிப் பார்க்க நாங்கள் மூன்று தரம் போக வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு தவணை போய்விட்டது. மாதத்தில் ஒரு நாள் மல்லாவியில் வந்து இருந்தால் என்ன?

ஒட்டுசுட்டான் தங்கச்சி:
அதைக் கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இலவசம் என்று எழுதியதை மாற்ற மாட்டேன்.

மல்லாவி மைந்தன்:
நானும் பஸ் காசை விட மாட்டேன். அடுத்த தவணை 14ஆம் திகதி. ஐயா இப்பவே சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டார்.