கெட்டிஸ்பர்க்: 1961 வரைபடத்துக்கு 1964 விதிகள் பொருந்தவில்லை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையை வைத்து அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘கெட்டிஸ்பர்க்’ பலகைப் போர் விளையாட்டைப் பழைய பெட்டியாக வாங்கினேன். விதிப் புத்தகம் 1964 பதிப்பு, சதுரக் கட்டங்களுக்கானது. வரைபடமோ அறுகோணக் கட்டங்கள் கொண்ட 1961 பதிப்பு. 1958இல் சதுரக் கட்டங்களுடன் வந்த ஆட்டம், 1961இல் அறுகோணத்துக்கு மாறி 1964இல் மறுபடி சதுரத்துக்கே திரும்பியது. எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் இது, மாற்ற மனமில்லை.

சதுரத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள், அறுகோணத்தைச் சுற்றி ஆறுதான். வரைபடத்தில் உள்ள லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் காய்களை நிறுத்தியதுமே யார் யாரைத் தாக்கலாம் என்று குழப்பம். மூலைவிட்ட நகர்வை நீக்கி ஆடிப் பார்த்தேன். தென் மாநிலங்களின் படையால் எதிரியை நெருங்கவே முடியவில்லை. விற்றவரிடமும் மாற்றுப் புத்தகம் இல்லை.

1961 விதிப் புத்தகம் வைத்திருப்பவர்கள், நகர்வு, தாக்குதல் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்ப முடியுமா?