எத்தனை வயசுப் பிள்ளைக்கு?

பாலக்கோடு அம்மா:

கடைக்காரத் தம்பி சாதாரணமாத்தான் கேட்டான். "எத்தனை வயசுப் பிள்ளைக்குங்க அக்கா?" பாவாடை சட்டை கேட்டா இதைத்தானே கேக்கணும். எனக்கு வாயே வரலை.

வர்ற வைகாசியில பெரியவனுக்குக் கல்யாணம். எங்க பக்கம் கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குப் படைக்கிறது உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பூவும் பொட்டுமாப் போனவங்களையும், கல்யாணம் ஆகாமப் போன பொண்ணுங்களையும் கிணத்தடியில இருந்து அழைச்சிட்டு வந்து, புதுத்துணி வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் எங்க வீட்ல மத்த வேலை. மாமியார் இந்தத் தடவை நம்ம பாப்பாவுக்கும் சேர்த்துத் துணி எடுன்னுட்டாங்க.

பாப்பா 2013-ல போனா. 9 வயசு. நாலே நாள் காய்ச்சல். புதைச்சிட்டு வந்ததோட சரி, சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, திதி கிடையாதுன்னுட்டாங்க. அப்ப எனக்கு எதுவும் ஏறலை. ரெண்டு வருசம் கழிச்சு மாமனாருக்குத் திதி குடுக்குற அன்னிக்கு, வடைக்கு அரைச்சிட்டு இருக்கும்போதுதான் உறைச்சது. அவருக்குன்னு வருசத்துல ஒரு நாள் இருக்கு, எம்பிள்ளைக்கு இல்ல. சொந்தக்காரங்க என் முன்னாடி அவ பேரைச் சொல்றதையே விட்டுட்டாங்க. எனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் விட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்லலை.

பூவாடைக்காரின்னதும் வீட்டுக்காரர் சாப்பாட்டுல இருந்து எழுந்துட்டார். "பிள்ளையைச் சாமியாக்கிட்டா அப்புறம் நம்ம பிள்ளை எங்கடி?"ன்னார். அதுவும் நியாயமாத்தான் படுது.

இதுல இந்த வயசு வேற. போனப்ப 9, இருந்திருந்தா இப்ப 21. எந்த அளவுக்கு எடுக்கிறது? அப்புறம் வர்றேன் தம்பின்னு கிளம்பிட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல உக்காந்துதான் இதை அடிச்சிட்டு இருக்கேன். என்னை மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்த நீங்கல்லாம் உங்க பிள்ளைக்கு என்ன பண்றீங்க?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரர்:

அக்கா, எங்க வீட்ல அந்தப் படையல் வழக்கம் இல்ல. நான் மரத்தைப் பத்திச் சொல்றேன்.

பையன் எட்டாவது லீவுல ஒட்டுக்கட்ட வர்ற ஆள் பின்னாடியே சுத்துவான். நாட்டு மாங்கன்னோட தலையை வெட்டி, நடுவுல பிளந்து, மல்கோவாக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பாலித்தீன் நாடாவால இறுக்கிச் சுத்தணும். குச்சி காஞ்சிடாம இருக்க மேல ஐஸ் கவரைக் கவுத்து விடுவாங்க. நம்மாளு கவர் சப்ளையை மட்டும் முழுசா ஏத்துக்கிட்டான். ஐஸ் தின்னாத்தானே கவர் வரும். அவன் கையால கட்டினது பத்துல ரெண்டுதான் பிடிச்சுது. ஒண்ணை வீட்டுக்குப் பின்னால வச்சான். அடுத்த வருசம் கிணத்துல போயிட்டான்.

ஒட்டுக்கன்னு அவசரப்பட்டுப் பூத்திடும். முதல் மூணு வருசம் பூவைக் கிள்ளிடணும், இல்லன்னா மரம் தேறாது. ஊருக்கே சொல்ற எனக்கு அந்த மரத்துல கை வரலை. கடைசியில அவன் அம்மாதான் போய்க் கிள்ளினா. "அவன் இருந்தா கிள்ளியிருப்பான்ல"ன்னா.

தோப்புல பெங்களூரா மாங்கா எல்லாம் கூழ் ஃபேக்டரிக்கு லாரியில போகும். அந்த ஒரு மரத்துக் காயை விக்கிறதில்லை. மல்கோவா காய்க்கிறதே கொஞ்சம், அதையும் யாரையும் தொடவிடாம வச்சு அடியில அழுகவிட்டோம். மடத்தனம்தான். ஒருநாள் பக்கத்துவீட்டுப் பொடிசுங்க சுவரேறி வந்தப்ப, விரட்டப்போன என் வீட்டம்மா உக்காரவச்சு ஐஸ் கவர் கதையைச் சொல்லிட்டா. இப்ப தெருவுல அதுக்குப் பேரு ஐஸ் மரம். அவனைப் பார்த்தே இராத பிள்ளைங்க.

ஓசூர் அப்பா:

2008-ல விபத்துல மூளைச்சாவு ஆன ஹிதேந்திரனோட உறுப்புகளை அவனைப் பெத்தவங்க தானம் பண்ணின செய்தி வந்தப்ப, அந்தப் பெத்தவங்களுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோன்னு பேப்பரை வச்சிட்டுப் பேசிக்கிட்டோம். அவங்க ரெண்டு பேரும் டாக்டருங்க, நமக்கெல்லாம் முடியாதுன்னு. 2024-ல எங்க பையனுக்கு பைக் விபத்து, மூளைச்சாவு. கையெழுத்துப் போட்டோம்.

உறுப்பு தானம் பண்றவங்களுக்கு 2023 செப்டம்பர்ல அரசு மரியாதை அறிவிச்சிருந்தாங்க, அதனால அதிகாரிங்க வந்து மலர்வளையம் வச்சாங்க. தெருமுனையில "எவ்வளவு குடுத்தாங்களாம்?"னு விசாரிச்ச ஆளும் வரிசையில நின்னு மாலை போட்டான். யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க, விதி அப்படி. வீட்டம்மா இப்பவும் வயசுப் பசங்க யாராவது மூச்சு வாங்காம மாடிப்படி ஏறினா நின்னு பார்க்கிறா. இதயம் போச்சுன்னு மட்டும் எங்களுக்குத் தெரியும்.

ஊத்தங்கரை சார்:

பையன் படிச்ச பள்ளிக்கூடத்துல, பத்தாவதுல தமிழ்ல முதல் மார்க் எடுக்கிறவங்களுக்கு அவன் பேர்ல பரிசு வச்சிருக்கேன். வருசா வருசம் இனிஷியலைத் தப்பாத்தான் படிக்கிறாங்க. நான் கீழே இருந்து கத்தித் திருத்துவேன், மறுபடி படிப்பாங்க. மைக்ல ரெண்டு தடவை. அதனால எழுதிக்குடுக்கிற சீட்டை இன்னும் சரி பண்ணலை.

பாலக்கோடு அம்மா:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ஊத்தங்கரை சார், உங்க சீட்டை நினைச்சுக் கல்யாண வேலைக்கு நடுவுல சிரிச்சேன்.

மறுபடி அதே கடைக்குப் போனோம். வீட்டுக்காரரும் வந்தார், ஏன்னு நான் கேக்கலை. ரெடிமேட் வேண்டாம், பாவாடைத் துணியாவே குடுங்கன்னேன். எத்தனை மீட்டருன்னு கேட்டான். திரும்பவும் அதே கேள்விதானே! அவர்தான் முந்திக்கிட்டு, "நாலு மீட்டர் கிழி, மிச்சமானா இருக்கட்டும்"னார். மயில்கழுத்துக் கலர் அவர் எடுத்தது.

படையல் அன்னிக்கு அவர் உள்ளே வரலை, நிலைவாசல்ல நின்னார். கற்பூரம் காட்டும்போது எல்லாரும் "தாயே பூவாடைக்காரி"ன்னாங்க. அவர் மட்டும் பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஸ்கூல் விட்டு வந்தவளைக் கூப்பிடுற மாதிரி. அந்தப் பேர் எங்க வீட்ல சத்தமாக் கேட்டு எத்தனையோ வருசமாச்சு. எங்க நாத்தனார் முந்தானையை வாயில வச்சுக்கிட்டா.

வச்ச துணியை வீட்டுப் பொண்ணு யாராவது உடுத்தணும். யாருக்குக் குடுக்கிறதுன்னு பெட்டியிலயே வச்சிருந்தேன். போன வாரம் மருமகளே கேட்டா, "அத்தை, அதை நான் தச்சுக்கட்டுமா? எனக்கும் 21-தானே."

டெய்லர்கிட்ட குடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை தர்றேன்னிருக்கார்.