1999-இல் அண்ணன் மடற்குழுவுக்கு எழுதிய மடல்களை வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) எடுக்க முடியுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தமிழ் வழிப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணினியில் எனக்குத் தெரிந்தது மடல் அனுப்புவதும் பேத்தியின் படம் பார்ப்பதும்தான். பதில் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

என் அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் கணக்கெழுதினார். 1998 முதல் ஐந்தாறு ஆண்டுகள், வெளிநாட்டுத் தமிழர் சிலர் நடத்திய ஒரு மடற்குழுவில் எழுதிவந்தார். வாரம் ஒருமுறை காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டிவிட்டு, வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட் வழியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். எழுதியதெல்லாம் பனையைப் பற்றித்தான். பாளை எப்படிச் சீவுவார்கள், கருக்கு எங்கே கிழிக்கும், பன்னாடையில் எதை வடிகட்டுவார்கள், பதநீரை நாங்கள் ஏன் தெளுவு என்கிறோம். எங்கள் ஊர் மரமேறிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அண்ணன் போன ஆவணியில் தவறிவிட்டார். அவர் கேட்டு எழுதிய மனிதர்கள் அவருக்கும் முன்பே போய்விட்டார்கள்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாள். 1999 ஆகஸ்டில் குழுவிலிருந்து அவருக்கே திரும்பி வந்த அவருடைய மடலை அச்செடுத்து எனக்குக் கொண்டுவந்தார். அதில் 'இ' என்ற எழுத்தே இல்லை. 'ந்தப் பக்கம்', 'ரண்டு முட்டி', 'தெளுவு றக்குவது' என்று போகிறது. சிவப்பு மை எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திக் கையில் கொடுத்தேன். "நான் எழுதும்போது இருந்தது. போய்த் திரும்பும்போது செக்போஸ்ட்டில் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது" என்றார். இ என்றால் இலை என்று படித்த ஆளுக்கு இந்தக் கதி என்று நான் வெகுநாள் கேலி செய்திருக்கிறேன்.

அவருடைய நோட்டில் "பழைய மடல் வேண்டுமானால் சர்வருக்கு இண்டெக்ஸ் என்று எழுது" என ஒரு குறிப்பு இருக்கிறது. மருமகன் அப்படியே எழுதி, குழுவின் முகவரிக்கு ஒன்றும், அதே தளத்தில் லிஸ்ட்சர்வ் என்ற முகவரிக்கு ஒன்றுமாக அனுப்பினான். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. குழு 2001-இல் ஓர் இலவசக் குழுச் சேவைக்கு மாறியது என்று நினைவு. வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: மீனாட்சிபுரத்துக்காரன்

டீச்சர், வணக்கம். நம் பக்கத்துக்காரன்தான், இப்போது பெங்களூரில் இருக்கிறேன். முதலில் ஒன்று: கட்டளையைக் குழுவின் முகவரிக்கு அனுப்பக் கூடாது. குழு உயிரோடு இருந்திருந்தால் உங்கள் 'இண்டெக்ஸ்' ஐந்நூறு பேருக்கும் போயிருக்கும். அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒருவராவது இதைச் செய்து திட்டு வாங்குவார்.

அண்ணனின் குறிப்பு தவறில்லை, ஆனால் அது வேறு மென்பொருளுக்கானதாக இருக்கலாம். 1986-இல் எரிக் தாமஸ் எழுதிய லிஸ்ட்சர்வ், 1992-இல் வந்த மேஜர்டோமோ என்ற மடற்குழு மென்பொருள்கள் இரண்டும் மடலின் உடலில் எழுதிய கட்டளையைப் படிப்பவை. இண்டெக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லையும் குழுவின் பெயரையும் எழுதினால் பழைய கோப்புகளின் பட்டியல் வரும். பிறகு 'கெட்' என்று போட்டு வேண்டிய கோப்பைக் கேட்கலாம். லிஸ்ட்சர்வில் மாதத்துக்கொரு கோப்பு என்பது வழக்கம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாதமும் அதன் பெயரில் இருக்கும். மெயில்மேன் என்றால் வேறு கதை, அதில் பழைய மடல்கள் இணையப் பக்கத்திலேயே மாதவாரியாகக் கிடக்கும். எந்த மென்பொருள் என்று தெரியாமல் பூட்டைத் தட்டிப் பயனில்லை.

அந்தத் தாளில் மடலுக்கு மேலே பொடி எழுத்தில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா? இருந்தால் 'ரிட்டர்ன்-பாத்' என்று தொடங்கும் வரியை அப்படியே படித்துச் சொல்லுங்கள். குழுவின் பெயரையும் அண்ணனின் முகவரியையும் மட்டும் இங்கே போட வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

இருக்கிறது தம்பி. அண்ணன் கணக்கர், எதை அச்செடுத்தாலும் தலை முதல் கால் வரை எடுப்பார். அந்த வரியில் குழுவின் பெயர், ஒரு சிறு கோடு, ரிட்டர்ன் என்ற சொல், ஒரு கோடு, 4127 என்ற எண், மறுபடி கோடு, அண்ணனின் முகவரி, கடைசியில் குழுவின் தளம். அண்ணனின் முகவரியில் அட் குறி இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறி இருக்கிறது. இதுவும் அவருடைய தட்டச்சுப் பிழைதானா?

பதில்: ஒலவக்கோடு முன்னாள் வழங்கிப் பராமரிப்பாளர்

பிழை இல்லை டீச்சர். அந்தச் சமக்குறியைப் பார்த்ததுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஈஸிஎம்எல்எம். டேனியல் பெர்ன்ஸ்டைன் தம்முடைய கியூமெயில் என்ற அஞ்சல் வழங்கிக்குத் துணையாக எழுதிய மடற்குழு மென்பொருள். நானே ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டுகள் இதைக் கட்டி மேய்த்திருக்கிறேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனித் திரும்பு முகவரியோடு மடல் அனுப்பும், யாருடைய பெட்டிக்குப் போகாமல் திரும்புகிறது என்பதைத் தானே கண்டுபிடிப்பதற்காக. ஒரு முகவரிக்குள் இரண்டு அட் குறி வரக் கூடாதல்லவா, அதனால்தான் உள்ளே இருப்பது சமக்குறியாகிறது.

அதைவிட முக்கியம் அந்த 4127. அது குழுவின் தொடக்கத்திலிருந்து எண்ணி வரும் மடல் எண். சேமிப்பிலும் அதே எண்தான். அதாவது உங்கள் கையில் இருப்பது அலமாரி எண் எழுதிய சீட்டு.

ஈஸிஎம்எல்எம் மடலின் உடலைக் கட்டளைக்காகப் படிக்காது. கட்டளை முகவரிக்குள்ளேயே போக வேண்டும். குழுவின் பெயருக்குப் பின் ஒரு கோடு போட்டு, 'கெட்', ஒரு புள்ளி, 4127 என்று எழுதி, அதன்பின் அட் குறியும் தளமும். வெற்று மடல் போதும். மேம்படுத்திய பதிப்பாக இருந்தால் 4100, அடிக்கோடு, 4199 என்று ஒரே மூச்சில் நூறு மடல் கேட்கலாம். 'கெட்', புள்ளி, எண் மூன்றுக்கும் பதில் 'ஹெல்ப்' என்று மட்டும் போட்டால் என்னென்ன கேட்கலாம் என்ற விவரம் வரும். சில குழுக்களில் உறுப்பினருக்கு மட்டும்தான் கொடுக்கும் என்று பூட்டியிருப்பார்கள்.

ஆனால் குழுவின் முகவரியே திரும்பி வந்துவிட்டது என்கிறீர்கள். குழுவை நிறுத்தியிருப்பார்கள். தளம் இன்னும் மடல் வாங்குகிறது என்றால் அங்கே போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி இருந்தாக வேண்டும், அது மின்னஞ்சலின் விதி. அவருக்கு எழுதுங்கள். குழுவின் பெயரைச் சொல்லி, 'ஆர்க்கைவ் என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) 41 என்ற அடைவில் 27 என்ற கோப்பு' என்று கேளுங்கள். ஈஸிஎம்எல்எம் நூறு நூறாகப் பிரித்து ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாகத்தான் வைக்கும். குழு செத்தாலும், வட்டை யாரும் துடைக்காத வரை கோப்பு அப்படியே கிடக்கும். பொத்தாம்பொதுவாக 'பழைய மடல்கள் வேண்டும்' என்று எழுதினால் பதில் வராது. கோப்பின் பெயரோடு கேட்டால் எந்தப் பராமரிப்பாளருக்கும் கை சும்மா இருக்காது.

பதில்: எழுத்துருப் பைத்தியம்

கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அதைத் திறந்து, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டாதீர்கள். கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

1999 ஆகஸ்ட் என்றால் ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 'இ' காணாமல் போனது என்கிறீர்களே, அது திஸ்கி என்பதற்குக் கைரேகை சாட்சி. திஸ்கி என்பது ஒவ்வொரு தமிழ் எழுத்து வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்த பழைய குறியேற்றம். திஸ்கியில் இ-யின் இடம் 173. மேலைநாட்டு எழுத்துக் குறியேற்றத்தில் அதே 173 மென் இணைகோடு, சொல்லை வரியின் ஓரத்தில் உடைத்தால் மட்டும் தலைகாட்டும், மற்றபடி கண்ணுக்குத் தெரியாது. பல உலாவிகள் தமிழ் எழுத்துருவைப் போட்ட பிறகும் அந்த இடத்தை மறைத்துவிடும். மற்ற எழுத்துகளெல்லாம் ஒழுங்காக வரும், இ மட்டும் வராது. இதற்காகவே பிற்பாடு இ-க்கு 254 என்று இன்னோர் இடமும் ஒதுக்கினார்கள்.

உங்கள் அண்ணன் இ போட்டுத்தான் எழுதினார் டீச்சர்.

மூலக் கோப்பில் 173 அப்படியே இருக்கும். லினக்ஸில் ஐகான்வ் என்ற கட்டளைக்கு திஸ்கி தெரியும், விண்டோஸில் என்எச்எம் மாற்றி போதும். மடலில் சமக்குறியும் இரண்டிரண்டு எழுத்துகளுமாக நிறைந்திருந்தால், அது மடலை அனுப்புவதற்காகப் போட்ட மாற்றுக்குறி, அதை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். எழுத்துக்கு எழுத்து தேடி மாற்றும் குறுக்குவழி வேண்டாம். திஸ்கியில் கொம்பு முன்னே, எழுத்து பின்னே. தெளுவு என்பதில் முதலில் கொம்பு, பிறகு த. ஒருங்குறியில் வரிசை தலைகீழ்.

பதில்: புத்தூர் ராயலசீமைத் தமிழன்

வழங்கியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் அம்மா. இலவசச் சேவைக்கு மாறிய பிறகு எழுதியவை அந்தச் சேவையோடு போயிருக்கலாம். யாஹூ குழுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள், 2019 அக்டோபரில் அறிவித்து 2020 டிசம்பர் 15-இல் முழுவதும் மூடினார்கள். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து போனவை கிடைப்பது உறுப்பினர்களின் சொந்தப் பெட்டிகளில்தான். தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளில் மடல் இறக்கி வைத்திருந்த ஒரே ஒரு சோம்பேறி போதும், ஒரு மடலையும் அழிக்காதவராக இருக்க வேண்டும். எங்கள் ஆந்திர எல்லையில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பழைய மடல்களை அப்படித்தான் மீட்டோம். வந்தவற்றில் பாதி 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதில்கள். நீங்கள் பன்னாடை என்று எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது, தெளிந்ததைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிப் பதினோராம் நாள் பதில் வந்தது. அவர் தமிழரில்லை. குழு 2001-இல் நின்றுவிட்டது, ஆனால் அடைவை அழிக்க யாரும் சொல்லவில்லை, அதனால் அழிக்கவில்லை என்று எழுதியிருந்தார். இப்படி வேலை செய்பவர்களை நான் பள்ளியிலும் பார்த்திருக்கிறேன், 1974-ஆம் ஆண்டின் வருகைப் பதிவேடு வேண்டுமென்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மற்றவர்களின் மடல்களை இணையத்தில் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, இருப்பதையெல்லாம் ஒரே கட்டாக அனுப்பிவிட்டார். 40-ஆம் அடைவிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய வட்டு பழுதாகிவிட்டதாம். ஆக, 1998-இல் எழுதியது ஒன்றுகூட இல்லை.

41-க்குள் 27 இருந்தது. மருமகன் ஐகான்வ் போட்டுத் திறந்து காட்டினான். என் சிவப்பு மைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்தேன். 'இந்தப் பக்கம்', 'இரண்டு முட்டி', 'தெளுவு இறக்குவது'. நாற்பத்திரண்டு இ. எல்லாம் அண்ணன் போட்டவை. அன்றைக்கு நான் முப்பத்தொன்பதைத்தான் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன், மூன்றை விட்டிருக்கிறேன்.

மடலில் இருப்பது இதுதான்: முட்டிக்குள் (பாளையில் கட்டும் மண்கலயம்) சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் தெளுவாக இறங்கும், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி. வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் கள்ளை ஷாப்பில் விற்கலாம், அந்தப் பக்கம் 1987 முதல் வழக்குப் போடுவார்கள், மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறார். மரமேறி ஒருவர் சுண்ணாம்பின் அளவைச் சொல்வதற்குப் பதில் தம் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாராம். அதையும் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. 4302-ஆம் மடலில் நாகர்கோவில் பக்கத்து ஐயா ஒருவர் அண்ணனோடு பெரிய சண்டை போட்டிருக்கிறார். அதன் பெயர் அக்கானி, தெளுவு என்று ஒரு சொல்லே கிடையாது என்று. மறுத்துப் பேசுவதற்காக அண்ணனின் 1998 மடல் ஒன்றை வரிக்கு வரி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அம்புக்குறி போட்டுக் கீழே தம் பதிலை எழுதியிருக்கிறார். வட்டோடு போன மடல் அப்படியே முழுசாக அவருடைய கோபத்துக்குள் கிடக்கிறது. மருமகன் இப்போது அம்புக்குறி வரிகளை மட்டும் தனியே பிரித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை ஏழு மடல் தேறியிருக்கிறது, ஐந்து அந்த ஐயாவின் புண்ணியம்.

அவர் பெயரை இங்கே போட மாட்டேன். ஆனால் அக்கானிக்காக 1999-இல் மடற்குழுவில் வாதாடிய நாகர்கோவில்காரர் யாராவது இதைப் படித்தால், ஐயா, உங்கள் பழைய அஞ்சல் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். அக்கானி என்றே சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன்.