கிறிஸ் ஸ்டேபிள்டன் முதல் ஆல்பம் முழுசா கேக்கலாமா?

கேள்வி: கன்ட்ரி மியூசிக் பக்கமே போனதில்ல, நேத்து நைட் இவரு பாடின டென்னசி விஸ்கி பாட்டு தற்செயலா ஓடுச்சு, அந்தக் குரல்ல அப்படியே உக்காந்துட்டேன். 2015ல வந்த டிராவலர் தான் முதல் ஆல்பமாமே, வொர்த்தா?

பதில்: தாராளமா. ஆனா டென்னசி விஸ்கி அவரோட பாட்டு இல்ல ப்ரோ, பழைய கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் 1983லயே ஹிட் ஆக்கினது. ஸ்டேபிள்டன் வருஷக்கணக்கா கன்ட்ரி மியூசிக்கோட தலைநகரான நாஷ்வில்ல மத்தவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு இருந்தாரு, சொந்த ஆல்பம் வரும்போது வயசு 37.

பதில்: அதே வருஷம் நவம்பர்ல சிஎம்ஏங்கிற கன்ட்ரி மியூசிக் விருது மேடைல பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோட பாடினாரு பாருங்க, அதுக்கப்புறம் தான் அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200ல டிராவலருக்கு முதலிடம்.

பதில்: ஹெட்போன்ல கேளுங்க. பின்னாடி மெல்லிசா ஒரு பொண்ணு குரல் சேரும்ல, அது அவர் மனைவி மோர்கேன்.

கேள்வி கேட்டவர்: அட ஆமா, இப்பதான் காதுல விழுது!