எக்ஸ் ஜப்பான்: எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம், எந்தப் பதிவைக் கேட்கலாம்?

ரிஃப்ரசிகன்:
அயர்ன் மெய்டன், ஹெலோவீன் மாதிரி ஹெவி மெட்டல் பேண்ட் எல்லாம் நல்லாப் பழக்கம். ஜப்பானிய மெட்டல் பேண்டான எக்ஸ் ஜப்பான் பக்கம் இப்பதான் வர்றேன். தேடினா ஒரே பாட்டுக்கு நாலு பதிவு வருது. "குரெனாய்" ஒண்ணுல இங்கிலீஷ்ல பாடுறாங்க, இன்னொண்ணுல ஜப்பானிய மொழி. சில ஆல்பத்துல பேண்ட் பேரே வெறும் "எக்ஸ்"னு இருக்கு. 29 நிமிஷப் பாட்டு ஒண்ணும் இருக்காம். பத்துப் பாட்டுக்குள்ள, எதுல ஆரம்பிச்சு எப்படிப் போகலாம்? ஏன் அந்தப் பாட்டுன்னும் சொன்னா உதவியா இருக்கும்.

இரட்டைப்பெடல்:
பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 1992 வரை அவர்கள் "எக்ஸ்" மட்டும்தான். லாஸ் ஏஞ்சலஸில் அதே பெயரில் ஒரு பங்க் குழு ஏற்கெனவே இருந்தது, அதனால் வெளிநாட்டுக்குப் போகும்போது "ஜப்பான்" சேர்ந்தது. தேடும்போது ஆல்பத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வெறும் "எக்ஸ்" என்று போட்டால் அந்த அமெரிக்கக் குழுதான் முன்னால் வந்து நிற்கும்.

தொடக்கத்துக்கு 1989-இல் வந்த "ப்ளூ ப்ளட்" ஆல்பத்தை எடுத்து 5, 6, 7-ஆம் பாட்டுகளை வரிசை மாறாமல் கேளுங்கள்: "எக்ஸ்", "எண்ட்லெஸ் ரெயின்", "குரெனாய்". இருபது நிமிடத்துக்குள் இந்தக் குழு என்னவென்று புரிந்துவிடும். முதலாவது வேகம், இரண்டாவது பியானோவில் நடக்கும் பாலட் (மெதுவான, உருக்கமான பாட்டு), மூன்றாவதில் இரண்டும் ஒரே பாட்டுக்குள் வந்துவிடும்.

"குரெனாய்" எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு விலகும். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாத கிட்டாரில் ஆர்பெஜியோ (சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது), அதன்மேல் டோஷி தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சில வரிகள். பிறகுதான் யோஷிகியின் டபுள் பேஸ் டிரம்ஸ் (இரண்டு காலாலும் அடிக்கும் கிக் டிரம்) இறங்கும். அந்த அமைதியை வேகமாக ஓட்டிவிட்டால் அடுத்து வரும் அடியின் கனம் தெரியாது. சோலோவில் ஹிடே, பாட்டா இருவரின் கிட்டாரும் ஒரே மெட்டை வேறு வேறு சுரத்தில் ஒட்டியபடி ஓடும். மெய்டன் கேட்ட காதுக்கு அது உடனே பிடிபடும்.

நீங்கள் கேட்ட ஆங்கிலப் பதிவு 1988-இன் "வேனிஷிங் விஷன்" ஆல்பத்தில் உள்ளது. அது யோஷிகியின் சொந்த எக்ஸ்டஸி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இண்டி ஆல்பம். ஒலி மெலிந்திருக்கும், ஆனால் ஆவேசம் அதிகம். முதல் அறிமுகத்துக்கு வேண்டாம், இரண்டாம் சுற்றில் கேளுங்கள். அதில் "அன்ஃபினிஷ்ட்" பாட்டு பெயருக்கேற்பப் பாதியில் அறுந்துபோகும், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழுப் பாட்டு "ப்ளூ ப்ளட்"டின் கடைசியில் இருக்கிறது.

அடுத்தது "சைலண்ட் ஜெலஸி" (1991, "ஜெலஸி" ஆல்பம்). ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆல்பத்தின் முதல் டிராக் ஒரு சின்னப் பியானோ இசை, அதைத் தாண்டிப் போகாதீர்கள், இந்தப் பாட்டுக்கு அதுதான் வாசல். ஷஃபிளை அணைத்துவிட்டுத்தான் இவர்களின் ஆல்பங்களைக் கேட்க வேண்டும். பிறகு "ரஸ்டி நெய்ல்" (1994). பின்னணியில் சிந்தசைசர், கச்சிதமான ஐந்தரை நிமிடம். வேகமும் சோகமும் இவ்வளவு சமமாக வேறு எதிலும் அமையவில்லை என்பேன்.

நாலுதந்தி:
மேலே சொன்ன ஐந்தும் யோஷிகி பாட்டுங்க. எல்லாரும் இதைத்தான் செய்றாங்க, அதனால பேண்டுல பாதி காதுல விழாமலே போயிடுது.

"ஜெலஸி"யில "ஜோக்கர்" கேளுங்க, ஹிடே போட்டது. அழுகை கிடையாது, துள்ளல்தான். அவரோட இன்னொரு முகம் "ஸ்கார்ஸ்", 1996 "டாலியா" ஆல்பத்துல. ரிஃப் (கிட்டார்ல திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) கனமா, இண்டஸ்ட்ரியல் வாடையோட, அதாவது இயந்திரச் சத்தம் மாதிரி இருக்கும். "குரெனாய்" போட்ட குழுவா இதுன்னு தோணும்.

பேஸ் கிட்டார் வாசிச்ச டைஜியை விடவே கூடாது. 1992 ஜனவரியில அவர் விலகின பிறகு இந்தக் குழுவோட அடித்தளச் சத்தமே மாறிடுச்சு. "வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்" அவர் மெட்டு, வரிகள் டோஷி. பேஸ் கிட்டார்காரர் அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்திருக்கார், டிரம்ஸே கிடையாது. டோஷியோட குரலை டிரம்ஸ் மறைக்காம கேட்க இதுதான் இடம்.

பேஸ் சரியா கேட்கலைன்னா ஹெட்ஃபோனைக் குறை சொல்லாதீங்க. கிக் டிரம்மும் பேஸும் ஒரே இடத்துல மோதுது, பழைய மிக்ஸ்ல டிரம்ஸுக்குத்தான் முன்னுரிமை. 2007-ல வந்த "ப்ளூ ப்ளட்", "ஜெலஸி" சிறப்புப் பதிப்புகள்ல இரண்டாவது டிஸ்க் முழுக்கப் பாட்டுக்குரல் இல்லாத பதிவு. அதைப் போட்டா டைஜி என்ன பண்ணியிருக்கார்னு தெளிவா விழும்.

ரிஃப்ரசிகன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. "ஆர்ட் ஆஃப் லைஃப்" நடுவுல ரொம்ப நேரம் வெறும் பியானோவாமே? அதை விட்டுட்டுக் கேட்கலாமா?

வெள்ளைக்கட்டை:
விடாதீர்கள். அந்தப் பாட்டு நிற்பதே அதன்மேல்தான்.

முதலில் "ஜெலஸி"யை இரட்டை ஆல்பமாகக் கொண்டுவந்து அதில் இதைச் சேர்க்கத்தான் திட்டம். முடியாமல்போய் 1993 ஆகஸ்டில் தனி ஆல்பமாக வந்தது. ஒரே டிராக், 29 நிமிடம், வரிகள் முழுக்க ஆங்கிலம், உடன் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா.

கிட்டத்தட்ட 15-ஆவது நிமிடத்தில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிப் பியானோ மட்டும் மிஞ்சும். சுமார் ஒன்பது நிமிடம். ஒரு பியானோ எளிய மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் இன்னொரு பியானோ மெல்ல நுழைந்து, போகப்போக அபசுரமாக அடிக்கத் தொடங்கும். பலர் சலித்துப்போவது இரண்டையும் ஒன்றாகக் கேட்பதால்தான். கீழே ஓடும் மெட்டைக் காதால் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பது அதை எப்படி உடைக்கப் பார்க்கிறது என்று கவனியுங்கள். உடைபடாமல் அது தப்பித்து வரும்போது ஸ்ட்ரிங்ஸ் திரும்பும், பின்னாலேயே முழுக் குழுவும் வரும். நடுப்பகுதியை வெட்டினால் அந்த வருகைக்கு அர்த்தமே இல்லை. முடிவும் மெல்ல ஓயாது, சட்டென்று அறுந்து நிற்கும்.

ஆனால் எடுத்தவுடன் இது வேண்டாம். முன்பயிற்சியாக "ரோஸ் ஆஃப் பெயின்" கேளுங்கள், "ப்ளூ ப்ளட்"டின் 11-ஆம் பாட்டு. பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, தொடக்க ஆர்கனில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஜி மைனர் ஃபியூக் வரும். அது பிடித்தால் இது பிடிக்கும்.

பத்தாவது இடத்துக்கு "டியர்ஸ்". பத்து நிமிடம் தாண்டும் பாலட், யோஷிகி சிறுவயதில் இழந்த தந்தையை நினைத்து எழுதியது. பாலட் இன்னும் வேண்டுமென்றால் "ஃபாரெவர் லவ்", ஆனால் "டாலியா" ஆல்பத்தில் இருப்பது அக்கூஸ்டிக் பதிவு. முழுக் குழுவும் வாசிப்பது 1996 ஜூலையில் வந்த சிங்கிளில்.

இரட்டைப்பெடல்:
நேரடிப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைஜி இருந்த கால வேகத்துக்கு 1992 ஜனவரி 7 டோக்கியோ டோம். ஹிடே மறைவதற்கு முந்தைய கடைசி மேடைக்கு 1997 டிசம்பர் 31-இன் "தி லாஸ்ட் லைவ்". "எக்ஸ்" பாட்டை ஸ்டுடியோவில் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். கோரஸில் குழுவின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அரங்கம் மொத்தமும் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக் குதிக்கும். நடுவே பாட்டை நிறுத்திக் கூட்டத்தைக் கத்தவைப்பதால் மேடையில் அது நீளும்.

நாலுதந்தி:
2007-க்குப் பிறகு வந்ததுல "ஐ.வி." கேளுங்க. "ஸா 4" படத்துக்குப் போட்டது. ஹிடே 1998-லயே போயிட்டார், ஆனா அவர் முன்னாடி பதிவு பண்ணி வெச்சிருந்த கிட்டாரை இதுல சேர்த்திருக்காங்க.