பனிச்சறுக்குப் பயிற்றுநர் படிப்புக்குக் கிளம்பும் முன்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

பயிற்றுநர் படிப்பில் சேரப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கறுப்புச் சரிவில் இறங்குவீங்களா?" மிகக் கடினமான, செங்குத்தான சரிவுக்குத்தான் அந்தப் பெயர். நானும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் சேர்ந்தேன். படிப்பு தொடங்கிய காலையில் எங்களைக் கூட்டிப்போனது மிக எளிதான பச்சைச் சரிவுக்கு, அதுவும் பாதி உயரம் வரைக்கும்தான்.

"ஸ்னோபிளவ் போட்டு இறங்குங்க. என் நடையைவிட வேகமாகப் போகக் கூடாது" என்றார் பயிற்சி தந்தவர். ஸ்னோபிளவ் என்றால் ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குவது. சொன்னதோடு நிற்காமல் ஸ்கீயைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு, சரிவின் ஓரமாகக் கூடவே நடந்து வந்தார். குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சறுக்குபவர்கள். ஆனால் அந்த வேகத்தில் பாதிப் பேருக்குத் தொடை நடுங்கியது. நடுவில் அவர் நின்றார், நாங்களும் நிற்க வேண்டும். மறுபடி நடந்தார். எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

காரணம் எளிமையானது. வேகமாகப் போகும்போது வேகமே பல குறைகளை மூடி மறைத்துவிடும். மெதுவாகப் போகும்போது உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இடப்பக்கம் திரும்ப வலது ஸ்கீயில் அழுத்தம் போக வேண்டும், அதாவது திருப்பத்தின் வெளிப்பக்கக் காலில். பயந்துபோன புதியவர் செய்வது நேர்மாறு: மலைப்பக்கமாகச் சாய்வார். முன்னால் போகும் ஆசிரியரும் கொஞ்சம் சாய்ந்தால், பின்னால் வரும் எட்டுப் பேரும் அதையே பார்த்துச் செய்வார்கள். வாயால் என்ன சொன்னீர்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

மாலையில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். எங்களில் ஒருவர் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது கையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். பல வருடம் சறுக்கியவர், அதுவரை யாரும் சொன்னதில்லையாம். திரையை நிறுத்தச் சொல்லி இரண்டு தரம் பார்த்தார். மறுநாள் முழுக்க இரண்டு போலையும் (கையில் பிடிக்கும் ஊன்றுகோல்களை) படுக்கைவசமாக முன்னால் பிடித்துக்கொண்டே இறங்கினார். ஒரு கை தாழ்ந்தால் உடனே கண்ணில் படும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அதனால் நான் சொல்வது இது: போவதற்கு முன் பனியில் கொஞ்சம் நாள் கிடைத்தால், பாதியைப் பச்சைச் சரிவில் செலவழியுங்கள். ஸ்னோபிளவில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, அதிலேயே வட்டமாகத் திரும்புவது, அகலம் மாறாமல் பக்கவாட்டில் வழுக்கி இறங்கி சொன்ன இடத்தில் நிற்பது, ஒற்றைக் காலில் போவது, குழந்தைக்கு முன்னால் பின்பக்கமாகச் சறுக்குவது. பார்க்க அழகாக இருக்காது, நண்பர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை. ஸ்னோபிளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது புதிதாக வந்த முறையும் இல்லை. ஆஸ்திரியாவின் சாங்ட் ஆன்டனில் 1907இல் கற்றுத்தரத் தொடங்கிய ஹான்னஸ் ஷ்னைடர் அப்படித்தான் வகுப்பு நடத்தினார். ஸ்கீயின் வடிவம் அடியோடு மாறிவிட்டது, படி என்னவோ அதேதான்.

பயிற்றுநர் சான்றிதழை எந்த அமைப்பில் வாங்குவது என்று முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனின் பாஸி, 1938இல் தொடங்கிய கனடாவின் சி.எஸ்.ஐ.ஏ., அமெரிக்காவின் பி.எஸ்.ஐ.ஏ., நியூசிலாந்தின் என்.இசட்.எஸ்.ஐ.ஏ. என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் முதல் நிலை என்பது புதியவர்களுக்குக் கற்றுத்தரத்தான். பாஸியில் அது 5 நாள் படிப்பு. ஆனால் ஒரு சறுக்குப் பள்ளியில் 35 மணி நேரம் கூடவே இருந்து பார்த்து உதவியது, முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தால்தான் உரிமம் கைக்கு வரும். ஆஸ்திரியாவில் முதல் படியான அன்வார்ட்டர் படிப்பு பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும், மொழி தெரியாமல் போகாதீர்கள். வடக்கே பனி இல்லாத ஜூன் முதல் அக்டோபர் வரை வேண்டுமென்றால் நியூசிலாந்து.

* * *

மேலே எழுதியவர் சறுக்குவதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பூட்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் குழுவில் ஒருவர் பாதியில் ஊர் திரும்பியதற்கே அதுதான் காரணம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருந்ததாம், வாங்கிவிட்டார். ஒரு அளவு பெரியது. ஸ்கீ பூட்ஸ் புதிதாகப் போடும்போது சுகமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். சில நாள் போனதும் உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கிக் கால் ஆடத் தொடங்கும். கால் ஆடினால் என்ன செய்வோம்? பக்கிளை இறுக்குவோம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். இவர் அதோடு குளிருகிறதே என்று இரண்டு சாக்ஸ் வேறு போட்டார். மூன்றாம் நாள் கணுக்காலுக்கு மேல்பகுதி முழுக்கக் கன்றிப்போயிருந்தது.

பார்க்க வேண்டிய முறை இதுதான். உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு பூட்ஸின் வெறும் வெளிக்கூட்டுக்குள் காலை விடுங்கள். பெருவிரல் நுனி முன்னால் லேசாகத் தொடட்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்கால் வரை.

இன்னொன்று. பயிற்றுநர் படிப்பில் சறுக்கும் நேரத்துக்குச் சமமாக நின்றுகொண்டு கேட்கும் நேரமும் இருக்கும். குளிரில் அசையாமல் நிற்பதற்குத் தனியாக ஒரு அடுக்கு உடை வேண்டும். வேகமாக இறங்கிப் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை நீங்களாகத் திருகாதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் பாணி எல்லாவற்றையும் பார்த்துத்தான் டின் எண்ணை, அதாவது எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸை விடுவிக்கும் என்பதை, வைப்பார்கள். பூட்ஸ் மாற்றினால் அதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

* * *

நாற்பதைத் தாண்டிய பிறகு சேர்ந்தவள் நான். குழுவில் மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில். "அக்கா, உங்களுக்கு முடியுமா?" என்று ஒரு பையன் அக்கறையாகத்தான் கேட்டான். இரண்டாம் நாள் காலையில் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது அவன்தான்!

சறுக்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அந்த வகை வேலைதான் மறுநாள் அதிகம் வலிக்கும். ஓட்டப் பயிற்சி மூச்சுக்கு உதவும், இதற்குப் போதாது. நான் சில மாதங்களாகச் செய்தது: உட்காருவதை மட்டும் மெதுவாக எண்ணி எண்ணிச் செய்யும் ஸ்க்வாட், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவது, பக்கவாட்டில் தாவிச் சத்தமில்லாமல் தரையிறங்குவது. தரையிறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். முழங்கால் தசைநார் அறுவது இந்த விளையாட்டில் சாதாரணமாக நடப்பது. தொடையின் பின்பக்கத் தசையையும் விட்டுவிடாதீர்கள்.

விழும்போது போலை விட்டுவிடப் பழகுங்கள். பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டைவிரல் பின்னால் வளைந்து அடியில் உள்ள தசைநார் கிழியும். அதற்கு ஸ்கீயர்ஸ் தம்ப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் பாருங்கள்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். 1,000 மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் கிரீம் தடவுங்கள்.

* * *

கற்றுத்தரும் பகுதியை யாரும் சொல்லவில்லையே. எங்கள் மதிப்பீட்டில் நிறையப் பேர் தடுமாறியது அங்கேதான்.

சக மாணவர்களே ஆறு வயதுக் குழந்தையாக நடிப்பார்கள். ஆறடி ஆள் ஒருவர் பனியில் படுத்து "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடிப்பார். சிரிப்பு வரும். ஆனால் நிஜம் அதைவிடக் கஷ்டம். சறுக்குப் பள்ளியில் மணி நேரம் சேர்க்கும்போது, ஒரு குட்டிப்பெண் நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நான் பீட்சா, பீட்சா என்று ஸ்கீ முனைகளைச் சேர்த்துக் காட்டிக்கொண்டே இருந்தேன். மூத்த ஆசிரியை வந்தார், முழந்தாளிட்டார், குழந்தையின் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரல் அதற்கான உறைக்குள் போகாமல் மற்ற விரல்களோடு மடங்கிக் கிடந்தது. கழற்றி, ஊதிச் சூடாக்கி, சரியாக மாட்டிவிட்டார். குழந்தை கிளம்பிவிட்டாள். பனியில் அழும் குழந்தைக்குப் பயம் என்று முடிவுகட்டுவதற்கு முன் குளிர், பசி, பாத்ரூம் மூன்றையும் விசாரித்துவிட வேண்டும் என்று அப்புறம் சொன்னார்.

நிற்கும் இடத்துக்கும் மதிப்பெண் உண்டு. சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், மாணவர்கள் முகத்தில் வேண்டாம். குழு நிற்பது சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருபவர்கள் கண்ணில் படும்படி. வந்து சேருபவர் கடைசி ஆளுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். மேலே நிற்க முயன்று வழுக்கினால் வரிசையே சாயும். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்.ஸின் நடத்தை விதிகள் பத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்காமல் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிப் பழகுங்கள். மூன்றாவது விதி முக்கியம்: பின்னால் வருபவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்தில்லாமல் வழி தேர்ந்தெடுக்க வேண்டும்.

* * *

எனக்கு அடுத்த பருவத்தில் படிப்பு. பக்கத்தில் பனி இல்லை. உள்ளரங்கப் பனியோ பிரஷ் போட்ட செயற்கைச் சரிவோ போதுமா?

* * *

முதலில் எழுதியவன்தான். தாராளமாகப் போதும், ஸ்னோபிளவுக்கு அதுவே நல்ல இடம், கூட்டமும் குறைவு. பிரஷ் சரிவில் விழுந்தால் தோல் உரியும், அதனால் வெயில் காலமானாலும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். கிளம்பும் முன் முதலுதவிச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். காப்பீட்டில் பயிற்றுநர் படிப்பு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண விடுமுறைக் காப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது.